மழைநீருக்கும் ஒரு பேரேடு உண்டு



நம் பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிப் பேச்சு வந்தால் நாம் சொல்வது நாலைந்துதான். பையன் என்றால் பி.காம். முடித்துவிட்டுக் கடையில் உட்காரட்டும் என்போம். பெண் என்றால் டாக்டர், டீச்சர், பாங்க் வேலை, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர். சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு படிப்பு இருப்பதும், அதைப் படித்த பெண்கள் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. சுற்றுச்சூழல் என்றாலே, பிளாஸ்டிக் பையைப் பறிமுதல் செய்து அபராதச் சீட்டு கிழிக்க வருகிறவர்கள் என்றுதான் நமக்கு நினைப்பு. அது முழுக் கணக்கு அல்ல.

ஒரு பெண்மணியின் உழைப்பு

சென்னையில் ஜெயஸ்ரீ வெங்கடேசன் என்ற அம்மையார் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லுயிர் வளம் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 2000-ஆம் ஆண்டில், விஞ்ஞானி ரஞ்சித் டேனியல்ஸ் அவர்களுடன் சேர்ந்து 'கேர் எர்த்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏரி, குளம், காடு ஆகியவற்றை முறைப்படி ஆராய்ந்து, என்ன இருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது, எப்படிக் காப்பாற்றலாம் என்று அறிக்கை தருவது அவர்கள் வேலை.

அப்போது சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் யாரும் சீந்தாத இடமாகக் கிடந்தது. ஒரு பக்கம் மாநகராட்சிக் குப்பை, இன்னொரு பக்கம் கட்டடங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அரசுக் கணக்கில் அதற்குத் தரிசு என்று பெயர். தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக அந்த நிலத்தை ஆராயும் பொறுப்பை அம்மையாரின் குழு ஏற்றது. சேற்றில் இறங்கி, பறவை, மீன், செடிகொடி என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். எந்த ஏரியின் உபரி நீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படி ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது என்பதையும் பார்த்தார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு வடிகால் இந்த ஒரு சதுப்பு நிலம்தான். தரிசு என்று எழுதப்பட்டிருந்தது உண்மையில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. மழைக்காலத்தில் வரவு வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகப் பற்று எழுதுகிற கிடங்கு.

2007-இல் தமிழ்நாடு அரசு இதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலில் ஏறியது. (1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது.) 2025-இல் ராம்சார் அமைப்பு உலகம் முழுவதிலுமிருந்து 12 பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தபோது, அவர்களில் ஒருவராக ஜெயஸ்ரீ அம்மையார் விருது பெற்றார். இதற்கு இடைப்பட்ட காலம் இருபத்தைந்து ஆண்டுகள். ஒரு கடை பெயர் எடுக்கவும் அத்தனை காலம் ஆகத்தானே செய்கிறது!

ஆலோசகர் என்ன செய்வார்?

நமக்கு ஆடிட்டர் எப்படியோ, ஒரு தொழிற்சாலைக்கோ பெரிய கட்டடத்துக்கோ சுற்றுச்சூழல் ஆலோசகர் அப்படி. 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும். சுரங்கம், ரசாயன ஆலை போன்றவற்றுக்கு விரிவான ஆய்வறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. அதற்குக் கிணற்று நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். காற்றில் தூசு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று அளக்க வேண்டும். மண், மரம், பறவை, அக்கம்பக்கத்து மக்களின் பிழைப்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வேண்டும். நீர், காற்று, உயிரினம் என்று துறைக்கு ஒரு வல்லுநர் கையெழுத்திடுவார்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. திட்டம் போடுகிறவரே ஆலோசகருக்குக் கட்டணம் தருகிறார். சரக்கு விற்பவன் தயவில் இருப்பவன் கையில் தராசு இருப்பது போன்றது இது. அந்த இடத்தில் முள் சாயாமல் நிறுத்துகிறவர்தான் நல்ல ஆலோசகர். தராசின் நாணயம் என்ன என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர்க் கணக்கு

சென்னைக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தட்டாஞ்சாவடியில் என் குடோனுக்குள் தண்ணீர் ஏறி, அடி வரிசைத் துவரம் பருப்பு மூட்டைகளும் சர்க்கரைச் சிப்பங்களும் வீணாயின. மேல் வரிசையைக் காப்பாற்றினோம். என்னைவிட அதிகம் இழந்த சில்லறை மளிகைக்காரர்கள் உண்டு. கடன் வாங்கிக் கொள்முதல் செய்திருந்தவர்களின் நிலையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஏரி, வாய்க்கால், தாழ்வான நிலம் எல்லாம் தத்தம் வேலையைச் செய்தால் நம் சரக்கு பிழைக்கும். அவை தூர்ந்தால் தண்ணீர் நம் கல்லாப்பெட்டிக்குத்தான் வரும்.

நமக்குப் பக்கத்தில் கனகன் ஏரி இருக்கிறது. மேற்கே ஊசுடு ஏரி. அதன் புதுவைப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. வடக்கே மரக்காணம் பக்கம் கழுவெளி. அதைத் தமிழ்நாடு அரசு 2021-இல் சரணாலயமாக அறிவித்தது. புதுவை நகரம் குடிப்பது நிலத்தடி நீர். கடற்கரை ஊரில் அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வரும். இவற்றையெல்லாம் அளந்து சொல்ல ஆள் வேண்டாமா?

பிழைப்புக்கு ஆகுமா?

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் பிளஸ் டூ-வில் நல்ல மார்க். சுற்றுச்சூழல் படிக்கிறேன் என்கிறதாம். "அண்ணாச்சி, இதில் சோறு கிடைக்குமா? வெயிலில் ஏரி ஏரியாகப் பெண் பிள்ளை அலைய வேண்டுமே" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விசாரித்தவரை சொல்கிறேன்.

முதலில் பி.எஸ்ஸி.யில் வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற ஒன்றைப் படிக்கலாம். பிறகு நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலேயே சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. வெளியூர் போக வேண்டியதில்லை. 1955-இல் தொடங்கிய நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் காடுகள், தாவரங்கள் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது. படித்து முடித்தால் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பரிசோதனைக்கூடம், ஆலோசனை நிறுவனம், ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு என்று வழிகள் உண்டு. தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் வேலை அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெயிலில் அலையவும் வேண்டும். ஆனால் அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும் தொழில். நாமும் மூட்டை தூக்கித்தானே முதலாளி ஆனோம்? பெண் பிள்ளை ஏரிக்கரையில் நின்றால் மட்டும் ஏன் கவலை?

நமக்கும் அவர்கள் தேவை

சட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை. கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பெயரில் பருப்பு, மசாலா என்று பிளாஸ்டிக் பாக்கெட் போட்டு விற்பவர்கள், சிறு, குறு நிறுவன வரம்பைத் தாண்டிவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து, அந்த பிளாஸ்டிக்குக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதிகாரி வந்த பிறகு ஆள் தேடுவதைவிட, விஷயம் தெரிந்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி முன்கூட்டியே சொன்னால் எத்தனை நல்லது!

சங்கத்துக்கு என் யோசனைகள் இரண்டு. ஒன்று, ஆண்டுதோறும் நாம் தரும் கல்வி உதவித்தொகையில் ஒன்றைச் சுற்றுச்சூழல் படிக்கும் உறுப்பினர் வீட்டுப் பெண்ணுக்கு ஒதுக்கலாம். இரண்டு, மழைக்காலத்துக்கு முன்பே இத்துறை மாணவிகளை அழைத்து, தட்டாஞ்சாவடிக் கடைகள், குடோன்கள் பக்கத்து வாய்க்கால்களையும் தாழ்வான இடங்களையும் அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லலாம். அவர்களுக்கும் பயிற்சி, நமக்கும் பாதுகாப்பு. அந்த வரைபடத்தைச் சங்க அலுவலகத்தில் மாட்டி வைத்து, எந்தக் குடோனில் எத்தனை அடி உயரத்தில் பலகை போட வேண்டும் என்று உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மகளின் படிப்பு பற்றிக் கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சேர்த்துவிடுங்கள் தம்பி." விண்ணப்பம் வாங்கிவிட்டார்.