கீழடிப் பானையில் நானோ குழாய்: பெரியப்பா ஃபார்வர்டுக்கு என்ன பதில்?



நானோடெக்னாலஜி எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பினது ஒரே கேள்விதான்: "2600 வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் நானோடெக்னாலஜி செஞ்சான்னு எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. உண்மையா, புருடாவா?"

பாபடோயிட்டோய்ல எங்க வீட்டு குரூப்புக்கும் அது வந்துச்சு. அனுப்பினவர் பெரியப்பா. சும்மா கடந்து போக முடியல, ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிச்சேன்.

பாதி உண்மை. பெருமைப்பட அந்தப் பாதியே போதும்.

முதல்ல உண்மையான பாதி. மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளின் உட்புறத்தில் ஒரு கறுப்புப் பூச்சு இருந்தது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அதை ஆராய்ந்து, 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. பூச்சுக்குள் கார்பன் நானோ குழாய்கள் இருந்தன. பானைகளின் காலம் கி.மு. 6 முதல் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வரை.

கார்பன் அணுக்களால் ஆன வலையைப் பாய் மாதிரி சுருட்டினா, அதுதான் நானோ குழாய். கீழடியில் கண்ட ஒற்றைச் சுவர் குழாய்களின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர். உங்க தலைமுடி அதைவிட லட்சம் மடங்குக்கு மேல தடிமன். இன்னைக்கு லித்தியம் பேட்டரியில மின்சாரம் நல்லா பாயறதுக்காக இதே வகைக் குழாய்களைச் சேர்க்கிறாங்க.

சரி, அந்தக் குயவருக்கு இது தெரியுமா? தெரிஞ்சிருக்க வழியே இல்ல. தாவரச் சாறு எதையாவது பூசிச் சூளையில் சுட்டபோது குழாய்கள் உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கார்பனும் கடும் சூடும் சேரும் இடத்தில் இது தானாகவே நடக்கக்கூடும். சமையல் கேஸ் எரியும் புகையிலும், விறகுப் புகைக்கரியிலும்கூட நானோ குழாய்களைக் கண்டிருக்கிறார்கள். அதுக்காக, காலையில தோசை சுட்ட நான் நானோ விஞ்ஞானி ஆகிட மாட்டேன்.

ஆனா அந்தக் குயவரோட திறமை பொய்யில்ல. எதைப் பூசணும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள்ள கிடந்தும் அந்தப் பூச்சு உரியல. அவருக்குத் தெரிஞ்சது 'எப்படி'. தெரியாதது 'ஏன்'.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? டமாஸ்கஸ் வாளைப் பாருங்க. நம்ம தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கிய 'வூட்ஸ்' எஃகுதான் அந்த வாள்களுக்குப் பேர்போன மூலப்பொருள். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றுக்குள் நானோ குழாய்களைக் கண்டார்கள். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த வாளைச் செய்யும் முறை வழக்கொழிஞ்சு போச்சு. தாதுவில் இருந்த வனேடியம் போன்ற உலோகத் துளிகள்தான் வாளின் வரிகளுக்குக் காரணம், அந்தத் தாது தீர்ந்ததும் வாளும் போனது என்பது ஒரு விளக்கம். காரணம் தெரியாததால, கொல்லர்களால வேற தாதுவை வச்சு அதைச் சரிசெய்ய முடியல.

கான்ட்ராக்டரா நான் போற ஆபீஸ்ல எல்லாம் இதே கதைதான். எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார், கோட் மட்டும் ஓடிட்டிருக்கும். ஏன் ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. ஒருநாள் சர்வர் மாறும், எல்லாம் படுத்துடும்.

தற்செயலா செஞ்சதை அளந்து, காரணம் கண்டு, எழுதி வச்சு, மறுபடி செய்ய முடிஞ்சாதான் அது டெக்னாலஜி. அதுக்குப் பார்க்கிற கருவி வேணும். கீழடிப் பூச்சை ஆராய்ந்த கருவிகளில் ஒன்று எலக்ட்ரான் நுண்ணோக்கி. இன்னொன்று ராமன் நிறமாலைமானி. ஆமா, அதே ராமன்தான்! திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டுபிடித்து, 1930இல் நோபல் வாங்கித் தந்த விளைவு. லேசர் ஒளியை ஒரு பொருள் மேல அடிச்சா, மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம் அணுக்கள் எப்படி அதிருதுன்னு சொல்லும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைரேகை மாதிரி. நானோ குழாய்க்கு ஒரு தனி அதிர்வு உண்டு: மூச்சு விடற மாதிரி விரிஞ்சு சுருங்கும். அதோட வேகத்தை வச்சே குழாயின் விட்டத்தைக் கணக்குப் போடலாம்.

அதனால ஃபார்வர்டை அப்படியே யூனியில போய்ச் சொல்லிடாதீங்க. ஒருத்தர் "ஆதாரம் எங்கே?"னு கேட்டு மடக்கினா, மிகைப்படுத்தின பாதியோட சேர்ந்து உண்மையான பாதியும் சிரிப்பாப் போயிடும். நமக்கே அப்புறம் கீழடின்னாலே கூச்சமாயிடும். இப்படி விலகிப்போன பசங்களை எனக்குத் தெரியும்.

அடுத்த பெருமையை நீங்களே உண்டாக்கணும்னு தோணுதா? மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்காக 2000இல் நோபல் வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் மெக்டயார்மிட், நம்ம நியூசிலாந்தின் மாஸ்டர்டனில் பிறந்தவர். அவர் பெயரில் 2002இல் தொடங்கிய நானோடெக்னாலஜி ஆய்வு நிறுவனத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகமும் பங்காளி. இங்கிருந்து ட்ரெயின் ஏறினா போயிடலாம்.

பெரியப்பாவுக்கு நான் எழுதின பதில் இதுதான்: "பெரியப்பா, பானை செஞ்சவரும் நம்மாளு, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க வழி காட்டினவரும் நம்மாளு. நடுவுல 2500 வருஷம்!"

ஒரு தம்ஸ்-அப் வந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு, அதையே நாலு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணிட்டார்.