கடைசி மெருகு போடும் தூள்

ரத்தினக்கல் வாங்கப் போகிறவர்கள், தீட்டாத கல்லைக் கையில் எடுத்ததும் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பார்கள். சாம்பல் பூத்துக் கிடந்த கல், ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டும். உலர்ந்ததும் மறுபடி மங்கிவிடும். கல்லில் எதுவும் மாறிவிடவில்லை. மேற்பரப்பில் இருந்த கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் சில நொடிகள் செய்கிற அந்த வேலையை நிரந்தரமாகச் செய்துவைப்பதற்குப் பெயர்தான் மெருகு. அதைச் செய்வது ஒரு சிட்டிகைத் தூள்.

அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அரைப்பு வேலை. அரக்கை உருக்கி ஒரு குச்சியின் முனையில் கல்லை ஒட்டிக்கொண்டு, சுழலும் தட்டில் வைத்துத் தேய்ப்பார்கள். முதலில் 220ஆம் எண் பொடி, பிறகு 400, 600, 1200 என்று எண் ஏற ஏறப் பொடி நைசாகும். பெரும்பாலும் இது சிலிக்கான் கார்பைடு. நம் வீடுகளுக்குக் கத்தி தீட்டும் கல்லாக, கார்பரண்டம் என்ற பெயரில் பழக்கமானது. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1891இல் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கைக்கு வந்த பொருள் இது. 1954இல் தொடங்கிய சென்னை கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் இதுதான். ஒவ்வோர் எண் பொடிக்கும் ஒரே வேலை: முந்தைய பொடி போட்ட கீறலை எடுத்துவிட்டு, தன்னுடைய சின்னக் கீறலை விட்டுச் செல்வது. அவசரத்தில் நடுவே ஓர் எண்ணைத் தாண்டிப் போனால், மெருகு ஏறிய பிறகுதான் அந்தப் பழைய கீறல் பல்லை இளிக்கும். அப்புறம் பின்வாங்கி மறுபடி அரைக்க வேண்டியதுதான்.

1200 முடிந்தும் கல் பளபளக்காது. பால் படிந்த டம்ளர் மாதிரிதான் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மேடுபள்ளம் அந்த அளவைவிட நன்றாகக் குறைந்தால்தான் வெளிச்சம் சிதறாமல் ஒழுங்காகத் திரும்பும். இங்கேதான் பொடிகள் நிற்க, தூள் உள்ளே வருகிறது.

வந்ததும் ஒரு கணக்கு இடிக்கிறது. ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் கனிமங்களைக் கடினத்தின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும் என்பது அதன் விதி. படிகம், அமெதிஸ்ட், அகேட், சூதுபவளம் ஆகியவை சேர்ந்த குவார்ட்ஸ் குடும்பத்துக்கு அதில் 7ஆம் இடம். அந்தக் கற்களுக்கு மெருகேற்ற உலகெங்கும் பயன்படுகிற சீரியம் ஆக்சைடு சுமார் 6தான். மென்மையான தூள் கடினமான கல்லை எப்படித் தீட்டும்?

முந்நூறு ஆண்டுக்கு மேலாக இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். 1704இல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டன் சொன்ன விளக்கம் எளிமையானது: மெருகும் கீறல்தான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னக் கீறல். தன் தொலைநோக்கியின் ஆடியைக் கீல் தடவிய அச்சில் வைத்து, வெள்ளீய ஆக்சைடு தூள் போட்டுத் தானே தேய்த்தவர் அவர், செய்து பார்த்துத்தான் சொன்னார். அடுத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி என்ற வேதியியலாளர் வேறு பக்கம் இழுத்தார். தேய்க்கும்போது மேற்பரப்பு ஒரு மெல்லிய ஏடாக வழிந்து பள்ளங்களை மூடிவிடுகிறது என்றார். 1930களில் கேம்பிரிட்ஜில் பௌடன், ஹியூஸ் இருவரும் இதைச் சோதிக்க எடுத்த பொருள்களில் ஒன்று நம் பூஜை அறைக் கற்பூரம். கையால் நசுக்கிவிடக்கூடிய அந்தக் கற்பூரம், ‘வுட்ஸ் மெட்டல்’ என்ற உலோகக் கலவைக்கு அழகாக மெருகேற்றியது. அந்தக் கலவை சுமார் 70 டிகிரியிலேயே உருகிவிடும், கற்பூரமோ 178 டிகிரி வரை தாங்கும். கற்பூரத்தைவிட அதிக வெப்பத்தில் உருகும் ஈயத்திடமும் துத்தநாகத்திடமும் அதன் பாச்சா பலிக்கவில்லை. உலோக மெருகில் கடினத்தைவிட உருகுநிலை பெரிதாக எண்ணப்பட்டது இப்படித்தான்.

கண்ணாடிக்கும் குவார்ட்ஸுக்கும் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் தண்ணீரில் தொடங்குகிறது. இரண்டுமே அடிப்படையில் சிலிக்கா. தண்ணீர் அவற்றின் மேல்தோலில் ஊறி, சில நானோமீட்டர் ஆழத்துக்கு அதைத் தளர்த்துகிறது. சீரியம் ஆக்சைடு துகள் அந்தத் தளர்ந்த தோலோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொண்டு, நகரும்போது துளித்துளியாகப் பிய்த்து எடுத்துப் போகிறது. லீ குக் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரையில் இந்தக் குணத்துக்கு ‘வேதிப் பல்’ என்று பெயர் வைத்தார். தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெயில் தூளைக் குழைத்துத் தேய்த்தால் வேலை ஏறக்குறைய நின்றே போகிறது. இந்த ஒன்றே போதுமான சாட்சி. வைரப்பொடி கல்லை வெட்டுகிறது. சீரியம் கல்லைக் கரைத்துச் சுரண்டுகிறது. கடைசிக் கட்டத்தில் வேலை செய்வது முரட்டுத்தனத்தைவிட இந்த ரசாயனம்தான்.

அதனால்தான் எல்லாக் கல்லுக்கும் ஒரே தூள் செல்லாது. சிலிக்கா இல்லாத மாணிக்கமும் நீலமும் 9ஆம் இடத்துக் கற்கள். சீரியத்தைக் காலை முதல் மாலை வரை தேய்த்தாலும் அவை அசைந்து கொடுக்காது. அவற்றுக்கு வைரப்பொடிதான். திருச்சி வட்டாரத்தில் பல தலைமுறையாகப் பட்டை தீட்டப்படும் செயற்கைக் கற்கள், இப்போது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா, 8க்கு மேல் இருப்பதால் அவற்றுக்கும் வைரப்பொடியே நாடப்படுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடம் 1954இல் செயற்கை வைரத்தைச் செய்து காட்டிய பிறகே இந்தப் பொடி சாதாரணப் பட்டறைக்கும் கட்டுப்படியானது. மரகதத்துக்கும் ஜேடுக்கும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடைப் போடுவோர் உண்டு. கையிலும் சட்டையிலும் ஒட்டினால் லேசில் போகாது. மென்மையான கற்களுக்கு அலுமினியம் ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு. வைரத்துக்கு வைரம்தான்: வார்ப்பிரும்புத் தட்டில் வைரப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவித் தேய்க்கிறார்கள். ஓபல் கதை தனி. அதில் தண்ணீர் கலந்திருப்பதால் சூடு ஆகாது. சுழலும் கம்பளித் தட்டு காய்ந்துபோவதைக் கவனிக்காமல் விட்டால், மெருகு ஏறிக்கொண்டிருக்கும்போதே கல் விரிசல் விட்டுவிடும்.

இந்தத் தூள்கள் எல்லாம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் மெருகேற்றியிருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது பெரில், சூதுபவளம், அகேட், படிகம் என்று முடித்த மணிகளும் அரைகுறையாக விட்ட மணிகளும் கிடைத்தன. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தோல் பையில் போட்டு, அகேட் தூளும் குருந்தப் பொடியும் தண்ணீரும் சேர்த்து, இரண்டு ஆட்கள் பல நாள் உருட்டி உருட்டி மெருகேற்றியது அண்மைக் காலம் வரை நடந்த முறை.

கண்ணாடித் தொழிலில் நெடுங்காலம் கோலோச்சியது ரூஜ் என்ற சிவப்புத் தூள். அது இரும்பு ஆக்சைடு. துருவின் நெருங்கிய சொந்தம். ஆடிகள், லென்சுகள், கடைவாசல் தட்டைக் கண்ணாடிகள் எல்லாம் அதில்தான் தேய்ந்தன. வேலை மெதுவாக நடக்கும், பட்டறையே செக்கச் செவேலென்று ஆகிவிடும். 1940களில், போர்க்கால லென்சுத் தேவையை ஒட்டிச் சீரியம் ஆக்சைடு அதன் இடத்தைப் பிடித்தது. பல மடங்கு வேகம், துணியில் கறையும் குறைவு. 1959இல் பில்கிங்டன் நிறுவனம், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை அறிவித்தபோது, ஜன்னல் கண்ணாடிக்கு மெருகே வேண்டியதில்லை என்றானது. அத்தோடு இந்தத் தூளின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேமரா லென்சு, கணினித் திரை, ஹார்டு டிஸ்க், கைபேசியின் முன்கண்ணாடி என்று வேலை கூடிக்கொண்டே போனது. சிலிக்கான் சில்லுகள் செய்யும்போது அடுக்குக்கு அடுக்கு சமமாக்குவதற்கும் இதே சீரியம் குழம்பை ஊற்றுகிறார்கள்.

சீரியத்துக்கும் குமரி மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து, ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் அதை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் பிரிப்பாலை வந்தது. அன்று தேடியது சீரியத்தை இல்லை. கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியத்தை. அந்த மேன்டிலில்கூட 99 பங்கு தோரியம் ஆக்சைடோடு 1 பங்கு சீரியம் ஆக்சைடு சேர்ந்தால்தான் வெள்ளை வெளிச்சம் வரும். 1950இல் அமைந்த இந்திய அருமண் நிறுவனம், இன்றைய ஐ.ஆர்.இ.எல்., அந்த மணலை இப்போது கையாள்கிறது. மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் அலுவா ஆலை 1952இல் தொடங்கியது. தோரியம் அணுசக்திப் பொருள் என்பதால் தனியார் யாரும் மோனசைட்டைத் தொட முடியாது. இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள அந்தக் கடலோரத்தில் மணல் அள்ளுவது பற்றி மீனவ ஊர்களுக்கு நெடுநாள் கவலை இருக்கிறது. அதைப் புறந்தள்ளிவிட்டு இந்தத் தூளின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அருமண் என்று பெயர் இருந்தாலும் சீரியம் அரிதானதல்ல. பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பின் அளவுக்கு இருக்கிறது. பிரித்தெடுப்பதுதான் பாடு. அதையும் பெரும்பகுதி சீனா தன் கையில் வைத்திருந்தது. 2010இல் அது ஏற்றுமதி ஒதுக்கீட்டைக் குறைத்ததும், அடுத்த ஆண்டுக்குள் விலை பல மடங்கு எகிறியது. சாக்கடையில் விட்டுவந்த குழம்பை வடிகட்டி மறுபடி பயன்படுத்தக் கண்ணாடி ஆலைகள் தீவிரமாக முனைந்தது அப்போதுதான். கடைகளில் கிடைக்கும் சீரியம் தூள் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். தூய சீரியம் ஆக்சைடு வெளிர் மஞ்சள். இளஞ்சிவப்பும் பழுப்பும், கூடவே வரும் பிரசியோடைமியம் என்ற இன்னோர் அருமண் தருபவை.

மெருகு மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியைச் சொல்லலாம். அதன் 2.4 மீட்டர் ஆடி, அதுவரை செய்ததிலேயே மிக வழுவழுப்பானவற்றில் ஒன்று. ஆனால் சோதிக்கும் கருவியில் ஒரு லென்சு 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டதால், விளிம்பில் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள். 1990இல் விண்ணுக்குப் போன பிறகுதான் படம் மங்குவது தெரிந்தது. 1993இல் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஆடி அமைப்பைப் பொருத்த வேண்டியதாயிற்று. ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கு அந்த வம்பு வரவில்லை. கண்ணாடி ஜெர்மனியில் வார்த்தது. அரைத்து மெருகேற்றியது பெங்களூரில்.

பெரிய ஆடியோ சின்ன மூக்குத்திக் கல்லோ, மெருகுப் பட்டறையில் முதல் சட்டம் சுத்தம். 220ஆம் பொடியின் ஒரே ஒரு மணி நகக்கண்ணில் ஒளிந்து மெருகுத் தட்டுக்கு வந்துவிட்டால் போதும், ஒரு சுற்றில் முழுக் கோடு விழுந்துவிடும். அதனால் ஒரு பொடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கல், குச்சி, கை, நகம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவார்கள். ஒவ்வொரு தூளுக்கும் தனித் தட்டு, தனித் தூரிகை. விவரமான பட்டறைகளில் அரைப்புக்கு ஓர் அறை, மெருகுக்கு வேறு அறை.

இரண்டாவது சட்டம் ஈரம். தூளைவிட, தேய்கிற கல்லின் தூசிதான் ஆபத்து. காய்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் உண்டாக்கும். குணப்படுத்த வழியில்லாத நோய் அது. கம்பாத்தின் அகேட் தொழிலாளர்கள் இதற்குக் கொடுத்த விலை அதிகம். லென்சு தேய்த்துப் பிழைத்த தத்துவ ஞானி ஸ்பினோசா 1677இல் 44 வயதில் நுரையீரல் நோயால் இறந்ததற்குக் கண்ணாடித் தூசியும் ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் தட்டும், முகத்தில் சரியான முகக்கவசமும் இல்லாத பட்டறையில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள்.

கார்க் கண்ணாடிக் கீறலைப் போக்கும் என்று இணையக் கடைகளில் விற்கும் பொட்டலத்தில் இருப்பதும் பெரும்பாலும் சீரியம் ஆக்சைடுதான். வாங்கும் முன் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் தண்ணீர் விட்டு, ஒரே இடத்தில் சூடேற்றாமல் பொறுமையாகத் தேய்த்தால் பலன் உண்டு. நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் கண்ணாடி குழிந்து, ஓட்டும்போது சாலை நெளிந்து தெரியும். கைபேசித் திரையில் போட்டால் கைரேகை ஒட்டாமல் தடுக்கும் பூச்சும் சேர்ந்து போய்விடும். மூக்குக்கண்ணாடியில் போடவே வேண்டாம். இன்றைய மூக்குக்கண்ணாடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அதில் சீரியத்தின் ரசாயனம் செல்லாது, மேலே உள்ள பூச்சுதான் பாழாகும்.