சாத்தத் தெரிந்த ஜன்னல்

ஆனி மாதப் பகலில் காரைக்கால் பக்கத்துத் தலத்தெருவில் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் வயல் தாண்டி வரும் அனல்காற்று வீட்டைச் சூடாக்கிவிடும். பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் நிலைமை தலைகீழ். அப்போது கிழக்கு ஜன்னல் சாத்திக் கிடந்தால் அது நஷ்டம். வேளை பார்த்துத் திறக்கவும் சாத்தவும் எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதில்லை. அந்த வேலையைத்தான் தானியங்கிக் காற்றோட்டம் செய்கிறது.

உள்ளே ஒரு வெப்பநிலை உணரி, வெளியே ஒன்று, கூடவே மழை உணரி. ஜன்னல் சட்டத்தில் சங்கிலியை நீட்டி மடக்கும் சின்ன மோட்டார். வெளிக்காற்று குளிர்ந்தால் திறக்கும், சூடேறினால் சாத்தும். அரை டிகிரிக்கெல்லாம் ஆடினால் மோட்டார் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், திறக்க ஓர் அளவும் சாத்த வேறோர் அளவும் வைப்பார்கள். மழைத் துளி பட்டால் மற்றக் கணக்கெல்லாம் ரத்து.

உச்சியிலும் ஒரு திறப்பு வேண்டும். சூடான காற்று அதன் வழியே வெளியேற, கீழ் ஜன்னல் புதுக்காற்றை இழுக்கும். உயரம் கூடினால் இழுவையும் கூடும். முற்றம் வைத்த வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பசுமைக் குடில்களில் மின்சாரமே இல்லாத வகை ஒன்று உண்டு: உருளைக்குள் இருக்கும் மெழுகு வெப்பத்தில் உருகி விரிந்து தண்டைத் தள்ள, கூரைக் கதவு திறக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

1.5 டன் ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். ஜன்னல் மோட்டாருக்கு மின்சாரம் தேவைப்படுவது அசையும் சில நொடிகள் மட்டும். ஆனால் ஏசி போல இது ஈரத்தை உறிஞ்சாது. கடலோரப் புழுக்கத்தில் வெப்பநிலை குறைவதைவிட, உடம்பில் பட்டு வேர்வையை உலர்த்தும் காற்றின் ஓட்டமே முக்கியம். கொசுவலை அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே எதிரெதிரே பெரிய திறப்புகள் வேண்டும், மின்விசிறியும் வேண்டும்.

உணரி இல்லாமலும் இதைச் சாதித்திருக்கிறார்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். 1930களில் தொடங்கிய வேலை அடுத்த பத்தாண்டில் முடிந்தது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகள் முழுக்க, கையால் திருப்பும் கிடைப்பலகைகள். அறைக்காரரே அங்கே உணரி, அவர் கையே மோட்டார்.

காரைக்கால் பக்கம் மோட்டார் வைப்பவர் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்க வேண்டும். கைப்பிடியால் சாத்தும் வசதியும் அவசியம்: 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.