நாய் வளர்ப்போர் கடமைகள்

நாய் நன்றியுள்ள பிராணி. தோட்டத்திற்குக் காவலாகவும் ஆட்டுப்பட்டிக்குத் துணையாகவும் அது நம் உழவர் குடும்பங்களோடு ஒன்றி வாழ்ந்து வருகிறது. எனினும் வேலிக்குள் காவலாக இருக்கும் நாய், வேலியைத் தாண்டியதும் அயலாருக்கு இடராக மாறக்கூடும். இதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொது இடமும் பிறர் உடைமையும்

ஏரிக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை, வாரச்சந்தை ஆகியவை ஊரார் அனைவர்க்கும் உரியவை. அங்கே அவிழ்த்துவிடப்பட்ட நாயால் பெரிதும் துன்புறுவோர் ஆடு வளர்ப்போரே. சேலம், நாமக்கல் சமவெளி மேச்சேரி இன ஆடுகளுக்குப் பெயர் பெற்றது. அவ்வினத்திற்கெனப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. நாய் கடிக்க வேண்டுவதில்லை. துரத்தினாலே மிரண்டோடும் சினையாடு கரு கலைந்துவிடலாம். தனியே சாதுவாக இருக்கும் வீட்டு நாயும் பிற நாய்களோடு கூடினால் வேட்டைக் குணம் கொள்ளும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் அண்டையிலுள்ள ஈரோடு மாவட்டத்திலும் அதற்கப்பால் திருப்பூர் மாவட்டத்திலும் நாய்க்கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றன. இழப்பீடு கோரி விவசாயிகள் போராட நேர்ந்தது.

கயிறும் நடையும்

அதற்காக நாயை நாள் முழுதும் கட்டிப்போடுதல் தகாது. எப்போதும் கட்டிவைக்கப்படும் நாயை நடத்தி உலவவிடாமல் புறக்கணிப்பதும், 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். மறுபுறம், தம் பிராணியால் பிறர்க்கு ஊறு நேராதபடி காவாத உரிமையாளருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆதலின் காலையும் மாலையும் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துவதே முறை. அடக்கிப் பிடிக்க வல்லவரே கயிற்றைப் பிடித்தல் வேண்டும். சிறுவரிடம் கொடுத்தல் ஆகாது. மந்தை எதிர்ப்பட்டால் கயிற்றைக் குறுக்கி ஒதுங்கி நின்று வழிவிடுக. “என் நாய் ஒன்றும் செய்யாது” என்பது போதாது. எதிரே வருபவர்க்கு அது தெரியாதன்றோ? அவிழ்த்து ஓடவிட விரும்புவோர்க்குத் தம் வேலியடைத்த தோட்டமே ஏற்ற இடம்.

வெறிநோய்த் தடுப்பு

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறியபடி ஆண்டுதோறும் தொடர்தல் இன்றியமையாதது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. நாய் கடித்தால், சிறு கீறலாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனையை அடைந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசி நாளைக் கடத்துதல் கூடாது.

கிராம சபையின் பணி

வளர்ப்பு நாய்களைக் கணக்கெடுத்தல், கால்நடை மருந்தகத்தின் துணையுடன் ஊரிலேயே தடுப்பூசி முகாம் நடத்துதல், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்வித்தல் ஆகியவற்றைக் கிராம சபையில் பேசி முடிவு செய்யலாம். இறைச்சிக் கழிவையும் இறந்த கோழிகளையும் ஓடையில் எறியாது ஆழப் புதைக்கச் செய்தல் வேண்டும். அவையே நாய்க்கூட்டத்தைப் பெருக்கும் உணவு. சினத்தால் நஞ்சு வைப்பதோ கடும் குற்றம்.

ஓர் ஆட்டின் இழப்பு ஏழைக் குடும்பத்தின் பல மாத உழைப்பின் இழப்பாகும். ஒரு முழக் கயிற்றையும் சிறிது பொறுப்பையும் கைக்கொண்டால் நாயும் வாழும். அயலாரின் பட்டியும் வாழும்.