எரிந்ததா, எரித்தார்களா?

டோக்கியோவின் ஸ்கைட்ரீ கோபுரம் 634 மீட்டர் உயரம். 2012-இல் திறந்தார்கள். அதன் பார்வை மாடத்தில் கண்ணாடியோரம் நின்று குனிந்து பார்த்தால் சுமிதா ஆறு தெரியும். ஆற்றின் குறுக்கே வரிசையாகப் பாலங்கள், இரு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு கட்டடங்கள். பெரும்பாலும் போருக்குப் பிறகு எழுந்தவை. பெரிய நகரம் பழையதை இடித்துப் புதியதைக் கட்டத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு, சுற்றுலாப் பயணி படம் பிடிக்கப் போய்விடுவார்.

இங்கே எதையும் இடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1945 மார்ச் 10 விடிந்தபோது, இந்த ஆற்றின் இரு கரையிலுமாகச் சுமார் 41 சதுர கிலோமீட்டர் சாம்பலாகக் கிடந்தது. ஓர் இரவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர். வீடிழந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஹிரோஷிமா என்றதும் நமக்கெல்லாம் ஒரு காளான் மேகம் கண்ணில் வரும். டோக்கியோவுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. ஜப்பானியர்களில் பலருக்குமே அப்படித்தான்.

அது திட்டமிட்டு மூட்டிய தீ. அமெரிக்கத் தளபதி கர்ட்டிஸ் லெமே, உயரத்திலிருந்து ஆலைகளைக் குறிபார்க்கும் பழைய முறையைக் கைவிட்டார். பி-29 விமானங்களைத் தாழ்வாக, இரவில், நாப்பாம் என்னும் எரிகூழ் நிரப்பிய சிறு குண்டுகளோடு அனுப்பினார். ஆசாகுசா, ஹோஞ்ஜோ, ஃபுக்காகாவா ஆகியவை கைவினைஞர்களும் தொழிலாளர்களும் அடைந்து வாழ்ந்த தாழ்நிலப் பகுதிகள். வீடுகளெல்லாம் மரமும் காகிதமும். அன்றிரவு காற்றும் பலமாக அடித்தது. மக்களை ஓடவும் விடாத ஒரு சட்டம் வேறு இருந்தது. 1941-இல் திருத்தப்பட்ட வான் பாதுகாப்புச் சட்டப்படி, நகரை விட்டுப் போவதைத் தடுக்கலாம். தீயை அணைப்பது குடிமக்களின் கடமை. நாப்பாமை அணைக்க வாளித் தண்ணீர்!

ஓடியவர்களுக்கு வழிகாட்டியது 1923 நிலநடுக்கத்தின் நினைவு. அந்த நிலநடுக்கத் தீயில் ஆசாகுசாவின் சென்சோஜி கோயில் தப்பியிருந்தது. அங்கிருக்கும் கன்னோன் தேவி இந்த முறையும் காப்பாள் என்று நம்பி அங்கே ஓடினார்கள். 1649-இல் கட்டிய பெருமண்டபம் அன்று எரிந்துபோனது. ஆற்றின் குறுக்கேயுள்ள கொத்தோதோய் பாலம் நிலநடுக்கத்துக்குப் பிந்தைய சீரமைப்பில், 1928-இல் எழுந்தது. மேற்குக் கரையிலிருந்து கிழக்கேயும், கிழக்கிலிருந்து மேற்கேயும் ஓடியவர்கள் அதன் நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். தீ ஆற்றைத் தாண்டி அவர்கள் மேல் பாய்ந்தது.

இன்று சென்சோஜி மண்டபம் கான்கிரீட்டில் நிற்கிறது, 1958-இல் கட்டியது. வாசலில் செந்நிறக் காகித விளக்கு, தின்பண்டக் கடைகள், நாள் முழுக்கக் கூட்டம். வளாகத்து ஜின்கோ மரம் ஒன்றின் அடிமரத்தில் மட்டும் கரிந்த தழும்பு இருக்கிறது. மரத்துக்கு மறக்கத் தெரியவில்லை. பாலத்தைச் சீரமைத்தபோது பழைய கற்களில் சிலவற்றை ஆற்றோரப் பூங்காவில் வைத்தார்கள். அவற்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. பூங்காவுக்குக் கூட்டம் வருவது செர்ரி பூக்கும்போதுதான்.

செத்தவர்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்த மறதியின் சூட்சுமம் இருக்கிறது. முதலில் பூங்காக்களில் குழி வெட்டிக் கூட்டமாகப் புதைத்தார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் தோண்டியெடுத்து எரித்தார்கள். சாம்பலை வைக்கத் தனி இடம் கட்டவில்லை. யொகோஅமிச்சோ பூங்காவில், 1923-இல் இறந்தவர்களுக்காக 1930-இல் எழுப்பிய நினைவு மண்டபம் ஏற்கெனவே இருந்தது. அதிலேயே வைத்து, 1951-இல் பெயரை மட்டும் பொதுவாக மாற்றிக்கொண்டார்கள்.

இட நெருக்கடி, பண நெருக்கடி, அமெரிக்க ஆக்கிரமிப்பு என்று காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். ஆனாலும் விளைவு ஒன்று உண்டு. தமிழில் ‘எரிந்தது’ என்பது தன்வினை, ‘எரித்தார்கள்’ என்பது பிறவினை. ஜப்பானிய மொழியிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. சாம்பல் நிலநடுக்கத்தின் கூரைக்குக் கீழே போன அந்த நாளிலிருந்து டோக்கியோ தன்வினைக்கு மாறிவிட்டது. நகரம் எரிந்தது, அவ்வளவுதான். எரித்தது யார், எரிகிற ஊரில் மக்களைப் பிடித்து வைத்தது யார் என்ற கேள்விகளுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. 1964-இல் அதே கர்ட்டிஸ் லெமேக்கு, விமானத் தற்காப்புப் படையை உருவாக்க உதவியதற்காக ஜப்பானிய அரசு உயர்ந்த விருது கொடுத்தது. படிக்கும்போது எனக்குக் கோபத்தை விட வியப்புதான் அதிகம்.

பிறவினையில் பேச முயன்றவர்களும் இருந்தார்கள். காவல்துறைப் புகைப்படக்காரர் இஷிகாவா கோயோ, தான் எடுத்த படங்களின் நெகட்டிவ்களை ஆக்கிரமிப்புப் படையிடம் கொடுக்காமல் தன் தோட்டத்தில் புதைத்து வைத்தார். 12 வயதில் அந்தத் தீயிலிருந்து பிழைத்த எழுத்தாளர் சாவோதோமே கட்சுமோதோ, 1970 முதல் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார். டோக்கியோ மாநகர அரசு ஓர் அருங்காட்சியகம் அமைக்கத் திட்டமிட்டது. அதில் ஜப்பான் செய்த போரையும் காட்டுவதா என்று சண்டை மூண்டு, 1999-இல் திட்டம் முடங்கியது. சண்டைக்குக் காரணம் புரிகிறது. டோக்கியோவை எரித்தது யார் என்று கேட்டால், அதற்கு முன்பே சீனாவின் சோங்கிங் நகரத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் குண்டு போட்டது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். சாவோதோமே மக்களிடம் நன்கொடை திரட்டி, 2002-இல் கோத்தோ பகுதியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவர் 2022-இல் இறந்தார். அரசு அருங்காட்சியகம் அதுவரை வந்திருக்கவில்லை.

பிழைத்தவர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவித்தொகை உண்டு; குண்டில் கருகிய பொதுமக்களுக்கு இல்லை. 2007-இல் வழக்குப் போட்டார்கள். 2009-இல் தள்ளுபடி. 2013-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி.

யொகோஅமிச்சோ பூங்காவில் 2001-இல் ஒரு நினைவுச்சின்னம் வந்தது. வளைந்து சரியும் சுவரின் மேல் பூச்செடிகள். உள்ளே, இறந்தவர்களின் பெயரேடுகள். உறவினர்கள் பதிவுசெய்யப் பதிவுசெய்ய, 80,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. குடும்பத்தோடு எரிந்துபோனவர்களின் பெயர்களைச் சொல்ல ஆளில்லை.