வெள்ளிக்கு மல்லி, ஞாயிற்றுக்குக் கறி

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் பெரிய விழா என்றால் ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாதான். அது வருவது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இடையில் வரும் நூற்றுச் சொச்ச வாரங்களையும் இந்தப் பக்கத்து வீடுகள் சும்மா விடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு முழம் மல்லி, சனிக்கிழமைக்கு நல்லெண்ணெய், ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி, சொந்தபந்தம் வந்துவிட்டால் ஒரு பாட்டில் கலர். செலவு சின்னதுதான். ஆனால் அந்தச் சின்னச் செலவை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

வெள்ளி காலையில் வீடு கழுவி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து முடிப்பதற்குள் தெருவில் பூக்காரர் குரல் கேட்டுவிடும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற பூ இது. வெயில் ஏறுவதற்குள் மொட்டாகவே பறித்தாக வேண்டும். விரிந்த பூவைச் சந்தையில் சீந்துவார் இல்லை. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோ கணக்கில் விலை போகிற மொட்டு, தெருவுக்கு வரும்போது முழக் கணக்கில் விற்கிறது.

கிலோ முழமாவது பெண்களின் விரல்களில். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றோடொன்று படுகிற மாதிரி பிடித்து, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு இழுப்பார்கள். இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் தலையில் வைத்த கொஞ்ச நேரத்தில் மொட்டு உதிர ஆரம்பிக்கும். கை பழகியவர்கள் பூவைப் பார்ப்பதுகூட இல்லை. பேச்சு ஒரு பக்கம் ஓட, சரம் மடியில் நீண்டுகொண்டே போகும். விடியலில் பறித்த அந்த மொட்டு, விளக்கேற்றுகிற நேரத்துக்குத்தான் வாய் திறக்கிறது. காலையில் காசு கொடுத்து வாங்கியதன் முழுப் பலன் சாயங்காலம்தான் வீட்டுக்குத் தெரியும்.

மார்கழி, தைப் பனியில் மொட்டுப் பிடிப்பது குறையும். பொங்கலும் முகூர்த்தமும் அதோடு சேர்ந்துகொண்டால் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அப்போதும் வெள்ளிக்கிழமை தலை வெறுமையாக இருப்பதில்லை. கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்த கதம்பமோ, பிச்சியோ, சாமிக்குச் செவ்வந்தியோ வாங்கிச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

வெள்ளி சாமியின் நாள். ஞாயிற்றுக்கிழமை வேறு வழியாக வந்தது. விவசாய வேலைக்கு வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடி, 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை ஏறியது. ஆலையும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் பெருகப் பெருக அந்த ஓய்வுநாள் கிராமத்துக்கும் பழகிவிட்டது. சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும் வீடுகளில் ஞாயிறு காலை கறி எடுப்பது எழுதாத சட்டம். விடிந்ததும் கடைக்குப் போனால்தான் ஈரல், சுவரொட்டி, நெஞ்செலும்பு என்று கேட்டு வாங்க முடியும். தாமதமாகப் போனால் மிச்சமிருப்பதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அரைக் கிலோ கறி ஆறு பேருக்குக் காணாது என்று தெரிந்தால், முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பைப் பெருக்கிவிடுகிற கெட்டிக்காரத்தனம் இந்தப் பக்கத்து அடுப்படிகளுக்கு உண்டு. ஒரு வாரத்து உழைப்பு ஒரே பந்தியில் எல்லார் தட்டிலும் விழுவதை எளிய விஷயமாக நினைத்துவிடக் கூடாது.

இந்தச் சின்னச் செலவுகளின் பெறுமதியைப் புரிந்துகொள்ள உதவக்கூடிய ஒருவர் இதே ஊரில் வாழ்ந்தவர். 1940இல் தொடங்கப்பட்ட டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று காலமானார். பொருளை வாங்குகிறவருக்கு, அது எப்படி விளைந்தது, யார் உழைப்பில் வந்தது என்பதிலும் பொறுப்பு உண்டு என்று அவர் வாதிட்டார். அதற்கு அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று கோக்கோ. ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்திருந்தால், கோப்பையில் கோக்கோ குடிக்கிறவருக்கும் அந்தக் கொடுமையில் பங்கு உண்டு என்றார். அவர் கணக்கை இந்த ஊர் வெள்ளிக்கிழமைக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு முழம் பூவுக்குக் கொடுக்கிற காசு பறித்தவர், கட்டியவர், தெருவில் சுமந்து விற்றவர் என்று பக்கத்துக் கைகளுக்கே போகிறது. கறிக்கடைக் காசில் ஒரு பங்கு ஆடு வளர்க்கிறவருக்கு. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையே அதற்குச் சாட்சி.

விருந்தாளி உபசாரமும் இதே வட்டத்துக்குள்தான். ஞாயிறு சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், “வாங்க மதினி, ஒக்காருங்க. காப்பி போடவா, கலர் குடிக்கிறீகளா?” என்று ஆரம்பித்துவிடும். பதிலுக்குக் காத்திராமல் ஒரு பையன் கடைக்கு ஓடியிருப்பான். அவன் வாங்கிவருவது பெரும்பாலும் பொவண்டோ. அதைத் தயாரிக்கும் காளிமார்க் நிறுவனம் 1916இல் பக்கத்து விருதுநகரில் பிறந்தது. வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் வந்த பிறகும் தாக்குப்பிடித்தது. வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. சாத்தூர் சேவோ, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ, ஒன்றுமில்லை என்றால் ஒரு சீப்பு வாழைப்பழமோ பையில் இருக்கும். கிளம்பும்போது, “பூ வச்சுட்டுப் போங்க மதினி” என்று குங்குமச் சிமிழோடு ஒரு துண்டுச் சரமும் வரும்.

புரட்டாசி பிறந்தால் மட்டும் பல வீடுகளில் இந்த வரிசை இடம் மாறும். பெருமாளுக்குரிய சனிக்கிழமை முன்னுக்கு வந்து, ஞாயிற்றுக் கறி நின்றுபோகும். சாம்பாரும் அப்பளமும் ஒரு மாதம் பந்தியை ஆளும். மாதம் முழுக்க வாயைக் கட்டியவர்கள் ஐப்பசி முதல் ஞாயிறுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு விடிவதற்கு முன்பே கறிக்கடை முன்னால் தூக்குவாளியோடும் பையோடும் கூட்டம் நிற்கும்.