மலைப்பாதையும் மசகெண்ணெயும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரையில் பாதை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. அதற்குப்பின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தை அடைகிறோம். அந்நகரில் வாழும் தமிழன்பர் பலரும் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் அங்குச் செல்வதுண்டு. குளிர்ந்த காற்று தரும் உற்சாகத்தில் வளைவுகளில் காரைச் சற்று விரைவாகத் திருப்புவதும் உண்டு. அவ்வேளையில் என்ஜினுக்குள் நிகழ்வது என்ன?

என்ஜினின் அடித்தொட்டியில் மசகெண்ணெய் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து பம்பு அதனை ஒரு குழாயின் வழியே உறிஞ்சிப் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் அனுப்புகிறது. கிராங்க் ஷாப்ட் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கிறது. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், பேரிங் தேயும், முடிவில் என்ஜின் இறுகி நின்றுவிடும்.

பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒருபுறம் சாய்கிறோம் அல்லவா? தொட்டியிலுள்ள எண்ணெயும் அவ்வாறே வெளிப்புறம் ஒதுங்குகிறது. புவியீர்ப்பில் பாதியளவு விசை பக்கவாட்டில் தாக்கினால், எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை சாயும். அப்போது தொட்டியின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் உட்புறம் தள்ளிய இடத்தில் எண்ணெய் மட்டம் 5 சென்டிமீட்டர் வரை தாழக்கூடும். தொட்டியிலுள்ள தடுப்புத் தகடுகள் ஓரளவே உதவும். எண்ணெய் குறைந்திருந்தால் குழாயின் வாய் வெளிப்பட்டு, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும்.

அப்படியானால் எண்ணெயை நிரம்ப ஊற்றிவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் தவறே. மட்டம் மிகுந்தால் சுழலும் கிராங்க் ஷாப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். காற்றுக் கலந்த நுரையால் பேரிங்கைத் தாங்க இயலாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது என்ஜினுக்கும் பொருந்தும்.

ஆகவே புறப்படுமுன் காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, எண்ணெய் கீழிறங்கச் சில நிமிடங்கள் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் எடுத்துப் பாருங்கள். மட்டம் மேற்குறியை ஒட்டி இருக்கலாம், அதைத் தாண்டலாகாது. பல கார்களில் இரு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர் கொள்ளும். குறைவாயின், கையேட்டில் கூறிய வகை எண்ணெயைக் கால் லிட்டர் ஊற்றி, மறுபடி அளந்து, தேவையானால் மேலும் சேருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத புதிய வண்டிகளில் கையேடு கூறும் முறையைப் பின்பற்றுங்கள். விரைந்து ஓட்டினால் எண்ணெய்ச் செலவும் கூடுமாதலால், ஊர் திரும்பியபின் மற்றொரு முறை பார்ப்பது நலம்.

முகப்பிலுள்ள சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பியிருப்போர் பலர். பெரும்பாலான வண்டிகளில் அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவை அன்று. அழுத்தம் குறைந்ததையே காட்டுகிறது. வளைவில் அது ஒரு கணம் மினுக்கினாலும் அலட்சியம் கூடாது. முதலில் பாதுகாப்பான ஓரத்தில் காரை நிறுத்தி, பின்னரே என்ஜினை அணையுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கடினமாகிவிடும்.

மூடுபனி சூழ்ந்த வளைவில் குழந்தைகளுடன் உதவிக்குக் காத்து நிற்கும் நிலையைப் புறப்படுமுன் செலவிடும் ஐந்து நிமிடங்கள் தவிர்க்கக்கூடும்.